ஊர்வனக் கூண்டுக்குப் பின்னணி செய்வதும் வண்ணம் பூசுவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல்லி, பாம்பு வளர்ப்பவர்கள் கூண்டின் பின்சுவரைப் பாறை போலவோ மரப்பட்டை போலவோ அமைக்க இறங்கும்போது எழும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். கேட்டவர்களின் வாய்மொழியிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறோம். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னவற்றைத் தொட்டுக்கொண்டு போவதால், முதல் தடவை வரிசையாகப் படிப்பது நல்லது.

பின்னணி வெறும் அழகுக்குத்தானே? இல்லாட்டி என்ன குறைஞ்சிடும்?

அழகு நமக்கு, பயன் விலங்குக்கு. நான்கு பக்கமும் வெறும் கண்ணாடியாக இருந்தால் ஒளிந்துகொள்ள முதுகுப்பக்கம் என்று ஒன்று கிடையாது. பல பல்லிகள் கண்ணாடியைத் தடுப்பாகப் புரிந்துகொள்ளாமல் அதில் ஏறி ஏறிச் சறுக்கும். தன் பிம்பத்தையே எதிரி என்று நினைத்துத் தாடையைக் கறுக்க வைக்கும் பியர்டட் டிராகன் பல்லிகளும் உண்டு. மூன்று பக்கம் மூடினாலே இது பெருமளவு அடங்கும்.

கரடான சுவர் கிடைத்தால் கெக்கோ போன்ற சுவரேறும் பல்லிகள் தரையோடு நிற்காமல் சுவரையும் நடமாடும் இடமாக்கிக்கொள்ளும். மறைப்பு மட்டும் போதும் என்றால் கண்ணாடிக்கு வெளிப்புறம் ஒரு கறுப்புத்தாளை ஒட்டினாலே வேலை முடிந்தது. அதில் ஆபத்தும் இல்லை.

தெர்மோகோல்ல செஞ்சா விஷம் இல்லையா?

தெர்மோகோல் என்பது பாலிஸ்டைரீன் நுரைதான். நன்றாகக் காற்றாறிய பாலிஸ்டைரீன் பலகை சாதாரண வெப்பத்தில் விலங்குக்குத் தீங்கு செய்வதில்லை. சிக்கல் வேறு மூன்று இடங்களில் வரும்: அது வெந்தால், கரைந்தால், தின்னப்பட்டால். இந்த மூன்றையும் தடுக்கத்தான் மேலே சிமென்ட் பூச்சு போடுகிறோம். பின்னணியின் பாதுகாப்பு உள்ளே இருக்கும் பலகையைவிட அதன் மேல் ஏறும் ஓட்டில்தான் இருக்கிறது.

வெள்ளை மணிகளாக உதிரும் சாதாரணத் தெர்மோகோலைவிட, கட்டட வெப்பக்காப்புக்கு வரும் அடர்த்தியான எக்ஸ்பிஎஸ் பலகை நல்லது. கத்தியால் செதுக்கினால் மணி உதிராது, பாறை வெடிப்பு கூர்மையாக வரும், பூச்சையும் நன்றாகப் பிடிக்கும். சூடான கம்பியால் வெட்டுபவர்கள் வெட்டவெளியில் வெட்டுங்கள். உருகும்போது வரும் புகையில் ஸ்டைரீன் இருக்கும்.

டப்பாவில் வர்ற ஃபோம் ஸ்ப்ரே சுலபமா இருக்கே, அதையே முழுசா அடிச்சுடலாமா?

அடிக்கலாம், ஆனால் மெல்லிய அடுக்குகளாக. இது பாலியூரிதேன் நுரை. காற்றிலுள்ள ஈரத்தைப் பிடித்துத்தான் இறுகும். ஒரே மூச்சில் ஒரு சாண் உயரத்துக்குக் குவித்தால் மேல்தோல் இறுகி, உள்ளே ஈரம் போகாமல் நடுப்பகுதி பிசுபிசுப்பாகவே நின்றுவிடும். பிறகு செதுக்கும்போதோ, வாரக்கணக்கில் கழித்தோ அது அமுங்கி வெடிக்கும். ஒரு தடவைக்கு 3 செ.மீ. உயரம், மேலே லேசான நீர்த்தெளிப்பு, அடுத்த அடுக்குக்கு முன் சில மணி நேரம், கடைசி அடுக்குக்குப் பின் 48 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இறுகாத நுரையில் ஐசோசயனேட் இருக்கிறது. நுரையீரலையும் தோலையும் அரிக்கும். கையுறையும் காற்றோட்டமும் கட்டாயம். அழுத்தவாயு தீப்பற்றக்கூடியது என்பதால் பக்கத்தில் நெருப்பு கூடாது. இன்னொன்று, கண்ணாடித் தொட்டியின் இரு சுவர்களுக்கு இடையே இறுக்கமாக நுரையை நிரப்பாதீர்கள். விரியும் விசைக்கு மூலை ஒட்டு பிளந்துவிடும். பலகையின் மேல் தனியாக வடித்து, பிறகு உள்ளே வைப்பதே சரி.

எவ்வளவு கனத்துக்குப் பலகை எடுக்கணும், அளவு எப்படி?

பின்சுவருக்கு 3 முதல் 5 செ.மீ. போதும். அதற்கு மேல் போனால் விலங்கின் இடத்தை நாமே பறித்துக்கொள்கிறோம். 45 செ.மீ. ஆழமுள்ள கூண்டில் 10 செ.மீ. பாறை வைப்பது தரையில் ஐந்தில் ஒரு பங்கைக் கழிப்பதற்குச் சமம். அகலத்திலும் உயரத்திலும் 4 மி.மீ. குறைத்து வெட்டுங்கள், பூச்சு ஏறியதும் அந்த இடைவெளி நிரம்பிவிடும்.

வெட்டும் முன் கூண்டின் வாயை அளந்து பாருங்கள். மேல்விளிம்பில் சட்டம் இருக்கும் தொட்டியில் முழுப்பலகை உள்ளே இறங்காது. அப்போது இரண்டாகப் பிரித்து, பிரிவுக்கோட்டைப் பாறை வெடிப்பாகவே செதுக்கிவிடலாம். காற்றுத்துளைகள், வெப்பநிலைக் கட்டுப்பாட்டுக் கருவியின் உணரி வரும் வழி, மின்கம்பி வழி ஆகியவற்றைப் பலகையில் முதலிலேயே குறித்துவிடுங்கள். காற்றுத்துளையை மூடிவிட்டு ஏன் பூஞ்சை வருகிறது என்று தேடுவது மிகவும் வழக்கமான தவறு.

கிரவுட் எத்தனை கோட் போடணும்? எப்படிக் கலக்கணும்?

டைல்ஸ் இடுக்குக்குப் பூசும் சிமென்ட் கிரவுட்டில் மூன்று கோட் குறைந்தபட்சம். பியர்டட் டிராகன் போல நகம் வலுத்த விலங்குக்கு நான்கு. பூஞ்சைத்தடுப்பு மருந்து கலந்தது என்று உறையில் எழுதியிருந்தால் அதை வாங்காதீர்கள். எபாக்ஸி கிரவுட் வேறு பொருள். இந்த வேலைக்கு வேண்டாம்.

முதல் கோட் மிக நீர்த்து இருக்கட்டும்: 1 கிலோ பொடிக்குச் சுமார் 400 மி.லி. தண்ணீர். பிரஷ் நுனி புகாத பள்ளங்களுக்குள்ளும் அது தானாக ஓடும். இரண்டாவது பெயின்ட் பதம், மூன்றாவது களிம்புப் பதம். தண்ணீரில் பாதிக்குப் பதில் சிமென்ட்டுக்கான அக்ரிலிக் ஒட்டுத்திரவம் சேர்த்தால் பூச்சு சற்று வளைந்துகொடுக்கும், பலகையையும் விடாது. அளவுக்கு ஒரு கணக்கு: 90 × 45 செ.மீ. பின்சுவர் ஏறக்குறைய 0.4 சதுர மீட்டர். மேடுபள்ளத்துக்கு ஒன்றரை மடங்கு வைத்தால் 0.6. மொத்தம் 3 மி.மீ. கனத்துக்குக் கிட்டத்தட்ட 3 கிலோ பொடி செலவாகும்.

ஒவ்வொரு கோட்டிலும் வண்ணப்பொடியோ கொஞ்சம் அக்ரிலிக் பெயின்ட்டோ கலந்துவிடுங்கள். பிற்பாடு நகம் பட்டு ஒரு சில்லு பெயர்ந்தாலும் அடியில் வெள்ளை பல்லிளிக்காது. பொடியைக் கொட்டிக் கலக்கும்போது முகமூடி அணியுங்கள். சிமென்ட் தூளும் சிலிக்கா தூளும் நுரையீரலுக்குப் பகை.

காஞ்சதும் கிரவுட் விரிசல் விட்டு, தொட்டா மாவா உதிருது. ஏன்?

சீக்கிரம் காய்ந்ததுதான் காரணம். சிமென்ட் காய்ந்து கெட்டியாவதில்லை. தண்ணீரோடு வினைபுரிந்து இறுகுகிறது. அந்த வினை முடியும் முன் தண்ணீர் ஆவியாகிவிட்டால் மிஞ்சுவது பொடிதான். விசிறிக்கு அடியிலோ வெயிலிலோ வைக்காதீர்கள். பூசிய சில மணி நேரத்தில், கைக்கு ஒட்டாத நிலை வந்ததும் நீர் தெளித்து, பிளாஸ்டிக் தாளால் தளர்வாக மூடி, நாளைக்கு மூன்று நான்கு தடவை தெளியுங்கள். கோட்டுக்குக் கோட் ஒரு நாள், கடைசிக் கோட்டுக்கு மூன்று நாள்.

அகலமான விரிசல் என்றால் ஒரே கோட்டில் கனமாக அப்பியிருக்கிறீர்கள். மாவாக உதிரும் பகுதியைக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்துவிட்டு, ஈரப்படுத்தி, மறுபடி நீர்த்த கோட்டிலிருந்து தொடங்குங்கள். பொடியின் மேலேயே புதுப் பூச்சு போட்டால் இரண்டும் சேர்ந்து உரியும்.

வெள்ளைத் திட்டுகள் தோன்றினால் அது விரிசல் அல்ல, உப்புப் பூத்தல். சுண்ணாம்பு நீரோடு மேலே வந்து காற்றுப்பட்டு வெளுக்கிறது. பாதிக்குப் பாதி நீர் கலந்த வினிகரால் துடைத்து, கழுவி, உலர்ந்தபின் வண்ணம் பூசுங்கள்.

எந்த பெயின்ட் வாங்கணும்? நச்சு இல்லாததுன்னு போட்டிருந்தா போதுமா?

தண்ணீரில் கரையும் அக்ரிலிக் பெயின்ட் வாங்குங்கள். "நச்சு இல்லாதது" என்ற முத்திரை, மனிதர்கள் ஓவியம் வரைவதை மனதில் வைத்துக் கொடுக்கப்பட்டது. நாள் முழுக்க விளக்கின் வெப்பத்தில் இருக்கும் சுவரையோ, அதை நக்கும் கெக்கோவையோ நினைத்து அல்ல. நல்ல தொடக்கம்தான், அதோடு நிற்கக்கூடாது.

குழாயின் பின்புறம் நிறமியின் குறியீடு இருக்கும். பிஆர் 101 சிவப்பு இரும்பு ஆக்சைடு, பிஒய் 42 மஞ்சள் இரும்பு ஆக்சைடு, பிபிகே 11 கறுப்பு இரும்பு ஆக்சைடு, பிடபிள்யூ 6 டைட்டானியம் வெள்ளை. மண், பாறை, பட்டை, மணல் அனைத்தையும் இந்த நான்கில் கொண்டுவரலாம். இயற்கையில் பாறைக்கு நிறம் தருவதே பெரும்பாலும் இரும்புதான். காட்மியம் உள்ள பிஆர் 108, பிஒய் 35, பிஒய் 37, கோபால்ட் உள்ள பிபி 28 ஆகியவற்றைத் தொடாதீர்கள். உலோக மினுக்கு, இருட்டில் ஒளிர்வது, எண்ணெய்ப் பெயின்ட், எனாமல், பூஞ்சைத்தடுப்பு கலந்த வெளிச்சுவர் பெயின்ட் எதுவும் வேண்டாம்.

ஸ்ப்ரே பெயின்ட் அடிச்சா சீக்கிரம் முடிஞ்சிடுமே?

வெறும் பாலிஸ்டைரீன் மேல் அடித்தால் பலகையே முடிந்துவிடும். அதிலுள்ள அசிட்டோன், டொலுவீன் போன்ற கரைப்பான்கள் நுரையைத் தின்று குழி குழியாக்கும். கிரவுட்டின் மேல் அடித்தாலும் ஊசித்துளை வழியே உள்ளே இறங்கி, கண்ணுக்குத் தெரியாமல் குடையும். கரைப்பான் ஆவி வாரக்கணக்கில் உள்ளே தங்கும். பிரஷ்ஷும் பஞ்சும் போதும்.

வண்ணம் அடிச்சதும் பாறை மாதிரி இல்லாம பொம்மை மாதிரி தெரியுது. என்ன பண்றது?

ஒரே நிறத்தை எல்லா இடத்திலும் சமமாகப் பூசியிருப்பீர்கள். பாறையைப் பாறையாகக் காட்டுவது நிழல். முதலில் முழுவதையும் நீங்கள் நினைக்கும் நிறத்தைவிட இரண்டு மடங்கு இருண்டதாகப் பூசுங்கள்; ஒவ்வொரு பள்ளத்துக்குள்ளும் இறங்க வேண்டும். அது காய்ந்ததும் நடுத்தர நிறத்தை ஈரப்பஞ்சால் ஒற்றியெடுங்கள், தேய்க்காதீர்கள். அடுத்ததுதான் முக்கியம்: அகலப் பிரஷ்ஷில் வெளிர்நிறத்தைத் தொட்டு, பெரும்பகுதியைத் துணியில் துடைத்துவிட்டு, மீதி ஈரத்தோடு மேடுகளின் மேல் மட்டும் லேசாக இழுங்கள். விளிம்புகள் தாமாக எழுந்து நிற்கும்.

கடைசியில் ஒரு பங்கு கறுப்பில் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து மேலிருந்து ஒழுகவிட்டால் மழைநீர் வடிந்த தடம் கிடைக்கும். வெள்ளைத்தாளை எதிரே பிடித்தால் உங்கள் "வெளிர் சாம்பல்" எவ்வளவு வெளுத்திருக்கிறது என்று புரியும். கூண்டு விளக்கின் கீழ் எல்லாமே ஒரு படி வெளிறித் தெரியும் என்பதால் விளக்கைப் போட்டுப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

மேல வார்னிஷ் கட்டாயமா? எந்த வார்னிஷ்?

கட்டாயம். கிரவுட் நீரை உறிஞ்சும். எச்சம் படிந்தால் கழுவியும் போகாது. மிருதுவான மேற்பரப்புக்காக அல்ல, அந்தத் துளைகளை அடைக்கத்தான் இந்தப் பூச்சு. உலர்ந்த கூண்டுக்கு நீர் சார்ந்த பாலியூரிதேன் வார்னிஷ், மெருகற்ற வகை, மெல்லிய மூன்று கோட் போதுமானது. கடைசிக் கோட் ஈரமாக இருக்கும்போதே கழுவிக் காயவைத்த மணலைத் தூவினால் பளபளப்பு மறைந்து காலுக்குப் பிடிப்பும் கிடைக்கும்.

தொடர்ந்து நனையும் இடத்துக்கு இந்த வார்னிஷ் தாங்காது, பால்போல் வெளுத்து உரியும். அங்கே மீன்குளத்துக்கான எபாக்ஸி பூச்சு வேண்டும். எபாக்ஸியில் இரு திரவங்களின் விகிதம் தவறினால் எத்தனை நாளானாலும் பிசுபிசுப்பு போகாது. அதைக் காயவைத்துச் சரிசெய்ய முடியாது, சுரண்டியெடுக்கத்தான் வேண்டும். கண்ணளவில் ஊற்றாமல் தராசில் எடைபோட்டுக் கலப்பவர்கள், உறையில் உள்ள விகிதம் எடைக்கா கொள்ளளவுக்கா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எத்தனை நாள் கழிச்சு விலங்கை உள்ளே விடலாம்? வாசனை போயிட்டா போதும்தானே?

போதாது. காய்வது வேறு, இறுகுவது வேறு. நீர் சார்ந்த பாலியூரிதேன் இரண்டு மணி நேரத்தில் கைக்குக் காய்ந்துவிடும். முழுதும் இறுக 21 முதல் 30 நாள் ஆகும். எபாக்ஸிக்கு அறைவெப்பத்தில் சுமார் ஒரு வாரம், சிலிக்கானுக்குக் குறைந்தது ஒரு வாரம். எது நீளமோ அதுதான் உங்கள் காத்திருப்பு. குளிர்காலத்தில் எல்லாமே இன்னும் மெதுவாகும்.

வாசனைச் சோதனை "இன்னும் இல்லை" என்று சொல்லும். "ஆகிவிட்டது" என்று சொல்லாது. நாள் கணக்கு முடிந்ததும் கூண்டைப் பூட்டி, விளக்குகளை வழக்கமான நேரப்படி எரியவிட்டு மூன்று நாள் வெறுமனே ஓட்டுங்கள். மூன்றாம் நாள் மாலை கதவைத் திறந்ததும் மூக்கில் ஏதாவது ஏறினால் மறுபடி காத்திருங்கள். ஊர்வன ஒரே இடத்தில் அடைந்து கிடந்து அதே காற்றையே சுவாசிக்கின்றன. எழுந்து வேறு அறைக்குப் போக அவற்றுக்கு வழியில்லை. இந்த ஒரு மாதப் பொறுமையில் சமரசமே கூடாது.

சிலிக்கான் வச்சு ஒட்டி ரெண்டு வாரமாச்சு, நடுவுல இன்னும் ஈரமா இருக்கு. சரக்கு மோசமா?

சரக்கில் தவறில்லை, பூசிய விதம் அப்படி. சிலிக்கானும் காற்றின் ஈரத்தில்தான் இறுகும், நாளைக்கு 2, 3 மி.மீ. என்ற வேகத்தில். கண்ணாடிக்கும் பலகைக்கும் இடையே வெண்ணெய் தடவுவதுபோல் பரப்பினால் நடுப்பகுதிக்கு ஈரம் எட்டுவதே இல்லை. விரல் தடிமனில் செங்குத்துக் கோடுகளாக, கோட்டுக்குக் கோடு 8 செ.மீ. இடைவெளி விட்டு இழுங்கள். கோடுகளின் மேல்முனைகள் திறந்திருக்கட்டும். விளிம்பு முழுவதையும் ஒரு வாரம் கழித்துத் தனியாக அடைக்கலாம்.

வினிகர் வாடை வரும், 100 சதவீத சிலிக்கான் என்று எழுதிய, பூஞ்சைத்தடுப்பு சேர்க்காத வகையே வேண்டும். குளியலறைக்கென விற்பதில் பூஞ்சைத்தடுப்பு இருக்கும். சூடாக உருக்கி ஒட்டும் பசைக்குச்சியை நம்பிப் பலகையை நிறுத்தாதீர்கள். வெப்பவிளக்குக்குப் பக்கத்தில் அது மறுபடி இளகும்.

ஹீட் லாம்ப் பக்கத்துல இருந்தா உருகுமா?

பாலிஸ்டைரீன் 75 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் தளரத் தொடங்கும். விலங்கு விளக்கின் கீழ் குளிர்காயும் இடத்தில் அவ்வளவு வெப்பம் இருக்காது, ஆனால் பல்புக்கு நேர் பக்கத்துச் சுவரில் இருக்கலாம். அகச்சிவப்பு வெப்பமானியால் பல்பை ஒட்டிய சுவரை ஒரு மணி நேரம் எரிந்தபின் அளந்து பாருங்கள். 50 டிகிரிக்கு மேல் காட்டினால் விளக்கை நகர்த்துங்கள் அல்லது அந்த இடத்தில் கல்பலகை வையுங்கள். செராமிக் வெப்பமூட்டியின் மேற்பரப்பு நூற்றுக்கணக்கான டிகிரி போகும். அதைப் பின்னணிக்குப் பக்கத்தில் தொங்கவிடவே கூடாது.

சுவர்ல படி படியா திட்டு வச்சிருக்கேன். அதுல ஏதும் தப்பு இருக்கா?

இரண்டைச் சரிபாருங்கள். முதலாவது தூரம். யூவிபி விளக்கும் (புற ஊதாக் கதிர் தருவது) வெப்பவிளக்கும் தரைக்குக் கணக்கிட்டு வைத்தவை; திட்டில் ஏறியதும் விலங்கின் முதுகு விளக்குக்கு 20 செ.மீ. நெருங்கிவிடும். விளக்கு உறையில் உள்ள குறைந்தபட்சத் தூரத்தை, மேல்திட்டில் உட்கார்ந்த விலங்கின் முதுகிலிருந்து அளக்க வேண்டும். இரண்டாவது சுமை. வெறும் நுரைத்திட்டு ஓராண்டில் வேரோடு பெயரும். ஒட்டும் முன்பே மூங்கில் குச்சிகளைத் திட்டின் வழியாகப் பலகைக்குள், அதன் கனத்துக்குள் அடங்கும் அளவுக்கு இறக்கிவிடுங்கள், குச்சிமுனை எங்கும் வெளியே நீட்டக்கூடாது.

குகை வைத்திருந்தால் அதன் கடைசி மூலை வரை உங்கள் கை போக வேண்டும். நோயுற்ற விலங்கு முதலில் ஒதுங்குவது அங்கேதான்.

தீனிக்குப் போடற சில்வண்டு எல்லாம் பின்னாடி போயிடுது. புழுவும் தெர்மோகோலைத் தின்னுமாமே?

தின்னும். மீல்வார்ம் புழுக்கள் பாலிஸ்டைரீனைத் தின்று வாழ முடியும் என்பதை 2015இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சீன ஆய்வாளர்களோடு சேர்ந்து வெளியிட்டார்கள். சில்வண்டும் கடித்துத் துளைக்கும். பின்னால் தங்கியவை இரவில் வெளியே வந்து தூங்கும் பல்லியைக் கடிக்கின்றன. விரல்நுனி, கண்ணிமை இரண்டும் முதலில் பாதிக்கப்படும்.

எனவே பலகையின் முன்பக்கம் மட்டுமன்றி நான்கு விளிம்புகளுக்கும் முதுகுக்கும் ஒரு கோட் கிரவுட் கொடுங்கள். ஒட்டிய பிறகு விளிம்பெல்லாம் சிலிக்கானால் அடையுங்கள். தீனியைக் கிண்ணத்தில் கொடுத்து மிச்சத்தை அன்றே எடுத்துவிட்டால் பாதிப் பிரச்சினை எழாது.

பல்லி ஒரு துண்டைப் பிய்ச்சு முழுங்கிடுச்சு. பயப்படணுமா?

துண்டின் அளவைப் பொறுத்தது. நகக்கண் அளவுள்ள வண்ணச்சில்லு பெரும்பாலும் எச்சத்தோடு வெளியேறும். நுரைத்துண்டு அப்படியல்ல, செரிக்காது, குடலில் அடைக்கும். தீனி மறுத்தல், எச்சம் போடாமை, வயிறு உப்புதல், பின்கால் இழுத்தல் என்று எதைக் கண்டாலும் ஊர்வனவற்றைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் அன்றே கொண்டுபோங்கள். எண்ணெய் ஊற்றிப் பார்க்காதீர்கள், மூச்சுக்குழலில் போய்விடும்.

உடும்பு இனங்களுக்கும் பெரிய டெகு பல்லிகளுக்கும் நுரைப் பின்னணியே தகாது. எத்தனை கோட் போட்டாலும் தோண்டிவிடும். அவற்றுக்கு மரப்பலகைமேல் கார்க் பட்டை அல்லது நிஜக் கல்.

ஈரமான கூண்டுக்கு இதே முறை சரிப்படுமா?

சரிப்படும், ஆனால் அங்கே நார்ச்சுவர் இன்னும் பொருத்தம். பாலியூரிதேன் நுரையைச் செதுக்கி, சிலிக்கானைக் கையுறையால் தடவி, அதன் மேல் உலர்ந்த தேங்காய் நார்த்தூளை அழுத்துங்கள். சிலிக்கான் பத்துப் பதினைந்து நிமிடத்தில் தோல்கட்டிவிடும், எனவே இரண்டு சாண் அளவாகப் பிரித்துச் செய்யுங்கள். தூள் சிறிதும் ஈரமாக இருந்தால் ஒட்டாது. செடியும் பாசியும் பிடிக்க இதுவே நல்ல தளம். முதல் மாதம் வெள்ளைப் பூஞ்சை படரும். ஸ்பிரிங்டெயில் பூச்சிகளை விட்டுவைத்தால் அவையே மேய்ந்து தீர்க்கும்.

தண்ணீர் தேங்கும் பகுதிக்குக் கிரவுட் வைத்தால் ஒரு வேலை கூடுதல். புதுச் சிமென்ட் நீரின் பிஎச் அளவை (காரத்தன்மையை) 12 வரை ஏற்றும், விலங்கின் தோலையும் கண்ணையும் எரிக்கும். வண்ணமும் பூச்சும் போடும் முன், நாள்தோறும் நீர் மாற்றி ஊறவிட்டு, ஒரு நாள் ஊறிய நீர் குழாய்நீரின் பிஎச் அளவிலேயே நிற்கும்வரை தொடருங்கள். இரண்டு மூன்று வாரம் பிடிக்கும்.

எதால கழுவறது?

அன்றாட எச்சத்துக்கு வெந்நீரும் பல்துலக்கும் பிரஷ்ஷும். கிருமிநீக்கத்துக்கு நீர்த்த குளோர்ஹெக்சிடின், உறையில் சொன்ன அளவில். பீனால் வகைக் கிருமிநாசினிகளும் பைன் எண்ணெய் கலந்த தரைக்கழுவிகளும் ஊர்வனவற்றுக்கு நஞ்சு. நம் வீட்டுத் தரைக்கு நல்லது என்பது இங்கே செல்லாது. பிளீச்சிங் திரவம் விரிசலுக்குள் உறிஞ்சப்பட்டால் பிறகு ஆவியாக வரும், ஆகையால் விரிசல் கண்ட பின்னணியில் அதை ஊற்றாதீர்கள்.

புதுசா வாங்கின பாம்பை நேரா இந்தக் கூண்டுல விடலாமா?

வேண்டாம். பாம்பின் மேல் ஒட்டி ரத்தம் உறிஞ்சும் பாம்புச் செள்ளு விலங்கை விட்டிறங்கி இருண்ட இடுக்குகளில் முட்டையிடும். பாறைவெடிப்பு நிறைந்த சுவர் அதற்குச் சொர்க்கம். ஒரு தடவை குடியேறினால் பின்னணியையே பெயர்த்து எறிய நேரும். 60 முதல் 90 நாள் வரை வெறும் பெட்டியில், அடியில் வெள்ளைக்காகிதம் விரித்து வைத்திருங்கள். அந்த நாட்களில்தான் பின்னணியும் இறுகிக்கொண்டிருக்கும் என்பதால் நேரம் வீணாவதில்லை.

பாம்புக்கென்றே செய்வதானால் முன்பு சொன்ன மணல் தூவலைத் தவிருங்கள். சட்டை உரிக்க ஓரளவு கரடு வேண்டும், ஆனால் உப்புத்தாள் போன்ற சுவர் முகச்செதிலைத் தேய்த்துப் புண்ணாக்கும். புறங்கையைச் சுவரில் அழுத்தி இழுத்தால் எரியக்கூடாது, அதுவே அளவுகோல்.

விலங்கு உள்ளேயே இருக்கு, ஒரு இடத்துல மட்டும் பெயர்ந்திருக்கு. அங்கேயே ஒட்டுப்போடலாமா?

விலங்கை மாற்றுக் கூண்டுக்கு அனுப்பிய பிறகே. சின்ன ஒட்டு என்பதற்காக இறுகும் நாட்கள் குறைவதில்லை. உதிரும் விளிம்பைச் சுரண்டி, ஈரப்படுத்தி, கிரவுட் இரண்டு கோட், வண்ணம், வார்னிஷ் என்று முழு வரிசையும் வேண்டும். மாற்றுக்கூண்டுக்கு உடனடி வழியில்லை என்றால், நுரை வெளியே தெரியும் இடத்தைத் தட்டையான கல்லையோ கார்க் பட்டையையோ சாய்த்து மறைத்து வையுங்கள். அது சரிந்து விலங்கின் மேல் விழாதபடி அடிப்பாகம் தரைக்கண்ணாடியில் நேரடியாக ஊன்றியிருக்கட்டும், மண்ணின் மேல் அல்ல. விலங்கு அடியில் தோண்டிவிடும்.